தாளின் மேல் மூலையில் ஒரு திகதி: கொழும்புப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் பயண முகவர் தொழில் செய்யும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். செட்டியார் தெருவில் மாடிப்படி ஏறிப்போனால் ஒற்றை அறையில் இருப்பவர்கள், வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்துக் கண்ணாடிக் கதவு போட்டிருப்பவர்கள், கடையே இல்லாமல் வட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து ஐயப்பன் குழுவும் வேளாங்கண்ணிக் குழுவும் கொண்டுபோகிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்தத் தாளைத் தந்தவர் இதைப் படித்தால் அவருக்கே விளங்கும். மற்றவர்கள் உங்கள் லாச்சியை ஒருதரம் திறந்து பாருங்கள், அதே மாதிரி ஒன்று அங்கேயும் கிடக்கும்.

எந்தத் தாள் என்றால், டிக்கெட்டோடு சேர்த்துத் தருவீர்களே, 'பயணிகள் கவனத்திற்கு' என்று தலைப்புப் போட்டு, மேலே ஒரு பிள்ளையார் படமும் கீழே உங்கள் தொலைபேசி இலக்கமும் வைத்து, அது. என்ன கொண்டுபோக வேண்டும், எங்கே பஸ் எடுக்க வேண்டும், எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வரி. எங்களுக்குத் தந்ததை லேமினேட் வேறு செய்திருந்தார்கள். அம்மா அதைக் கைப்பைக்குள் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார், ஏதோ அதுவும் ஒரு அரசாங்கப் பத்திரம் போல.

2024 பெப்ரவரியில் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனேன். சென்னையில் இறங்கி வெளியே வந்து டாக்சி பிடித்து, தாளில் பஸ் எடுக்கச் சொல்லியிருந்த இடமான கோயம்பேடு என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்து எந்த ஊர் பஸ் என்று கேட்டார். மதுரை என்றதும், "அதெல்லாம் இப்ப கிளாம்பாக்கம் போயிடுச்சும்மா" என்றார். அந்த ஊரில் தினமும் வண்டி ஓட்டுகிற மனுஷன் சொல்கிறார். அம்மா கைப்பையைத் திறந்து தாளை எடுத்துக் காட்டினார். நானும் அம்மா பக்கம்தான் நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த ஆள் வேறு எங்கேயாவது கொண்டுபோய் இரண்டு மடங்கு காசு கேட்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கோயம்பேட்டுக்கே கொண்டுபோய் விட்டார். அங்கே மதுரை பஸ் இல்லை. திரும்ப வேறொரு வண்டி பிடித்து, வந்த வழியே போனோம், ஏனென்றால் கிளாம்பாக்கம் இருப்பது விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம், வண்டலூர் பக்கம். விமான நிலையத்தைத் தாண்டும்போது அத்தை, "நாம இறங்கின இடம்தானே இது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது 2023 டிசம்பர் 30. தெற்கே போகும் பஸ்களை அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக அங்கே மாற்றினார்கள். நாங்கள் போனபோது ஆறேழு வாரம்தான் ஆகியிருந்தது. கொழும்பில் இருப்பவருக்கு அது தெரியாமல் போனதை மன்னிக்கலாம். அடுத்ததை மன்னிக்க முடியாது. மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகலாம், பாம்பன் பாலத்தில் இரு பக்கமும் கடல் தெரியும், யன்னல் சீட் கேட்டு வாங்கவும் என்று தாளில் இருந்தது. அம்மா இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே அந்த ஒரு வரிக்காக. மதுரை ஸ்டேஷனில் போய்க் கேட்டால், பழைய பாலம் பழுது என்று 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்களாம், கடலைத் தாண்டி ஒன்றும் போகாதாம். ஒரு வருஷத்துக்கு மேல். அந்த ஒரு வருஷத்தில் அந்த முகவரிடம் இருந்து எத்தனை குடும்பம் அதே தாளை வாங்கிக்கொண்டு போயிருக்கும்? ஒருவர்கூடவா திரும்பி வந்து சொல்லவில்லை? (நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.)

பஸ்ஸில் போனோம். வழியில் மண்டபத்தில் பஸ் நின்றபோது அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தார். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் இலங்கைக்கு வந்தவர் அம்மாவின் தாத்தா, அவரை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தடுத்துவைத்துப் பிறகுதான் கப்பலேற்றினார்களாம். ஹட்டனில் லயத்து வீட்டில் கேட்டு வளர்ந்த கதை. அந்தப் பெயர்ப்பலகையை நேரில் கண்டதும் அம்மாவுக்குப் பாம்பன் பாலம் மறந்துபோனது. ஆகவே உங்கள் பிழையான தாளால் எங்களுக்கு ஒரு நன்மையும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது.

கொழும்புக்கு வந்த பிறகு ஒருநாள் இரவு சும்மா இருக்க முடியாமல் அந்தத் தாளின் வயதைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அதில் எங்குமே திகதி இல்லை. ஆனால் செலவுக்கு 2000, 500 ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொள்ளவும் என்று இருந்தது. இந்தியாவில் 2000 ரூபாய்த் தாள் வந்ததே 2016 நவம்பரில், பழைய 500ஐயும் 1000ஐயும் ஒரே இரவில் செல்லாது என்று அறிவித்தபோது. ஆகவே அதற்குப் பிறகு எழுதியது. கொரோனா காலத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் 'ஏர் சுவிதா' என்று ஒன்லைனில் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது, 2022 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். தாளில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆக, 2017க்கும் 2020 தொடக்கத்துக்கும் இடையில் யாரோ டைப் செய்திருக்க வேண்டும். குறைந்தது நாலு வயது. அந்த 2000 ரூபாய்த் தாளை இந்திய ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து மீளப்பெறுவதாக அறிவித்தது 2023 மே 19. அத்தை முந்தைய பயணத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த இரண்டு தாளை, உங்கள் தாளில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து, மதுரையில் நாலு கடையில் நீட்டிப் பார்த்தார். ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்துக்குப் போனால் மாற்றலாம் என்றார்கள், அதற்கு எங்கே நேரம்? இப்போது இரண்டும் அத்தை வீட்டு லட்சுமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

நான் பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வேர் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கடையிலிருந்து திகதி போடாத விலைப்பட்டியல் ஒன்றுகூட வெளியே போகாது. 2022இல் படிப்பித்த பாடம் அது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360க்குப் போனபோது, காலையில் அடித்த பட்டியல் பின்னேரம் பிழையாகிவிடும். பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த விலைக்குத் தாங்கள் என்று நின்றவர்களோடு சண்டை பிடித்துப் பிடித்து, கடைசியில் முதலாளி ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தார்: இன்ன திகதி, இன்று மட்டும். அதன் பிறகு சண்டை இல்லை. விலை மாறாமல் நின்றுவிடவில்லை, வாங்க வந்தவர் மேல் மூலையைப் பார்த்ததும் ஒரு கோல் எடுத்துக் கேட்கப் பழகிவிட்டார், அவ்வளவுதான். பத்து ரூபாய் ஆணிக்கு நாங்கள் செய்வதை ஒரு குடும்பத்தின் வெளிநாட்டுப் பயணத்துக்கு நீங்கள் செய்யக் கூடாதா?

உங்களுக்குத் தகவல் கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் டிக்கெட் போடும் கணினியிலேயே 'டிமாட்டிக்' இருக்கிறது. தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன், விமானக் கம்பனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டா நடத்தும் தரவுத்தளம் அது. இன்ன நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இன்ன வழியாக இன்ன நாட்டுக்குப் போனால் என்னென்ன வேண்டும் என்று அதில் வரும். கட்டுநாயக்கவில் செக்இன் கவுண்டரில் இருக்கும் பிள்ளை உங்களை ஏற்றுவதா விடுவதா என்று பார்ப்பது அதில்தான். ஏனென்றால் சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், திருப்பிக் கொண்டுவருவதும் விமானக் கம்பனியின் தலையில், பல நாடுகளில் அபராதமும் அவர்கள் தலையில். அந்தப் பிள்ளையிடம் போய் லேமினேட் செய்த தாளைக் காட்டி என்ன பிரயோசனம்?

இப்போது நிலைமை முன்னைவிட மோசம், ஏனென்றால் முன்பு விமானத்துக்குள் பேனா கடன் வாங்கி எழுதிய அந்தச் சின்ன அட்டைகள் எல்லாம் ஒன்றொன்றாக ஒன்லைனுக்குப் போய்விட்டன. சிங்கப்பூருக்கு முன்பிருந்தே அப்படி, மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம், தாய்லாந்தில் 2025 மே 1 முதல், இந்தியாவுக்கும் 2025 ஒக்டோபரில் இலத்திரனியல் வருகை அட்டை வந்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப வேண்டும். டிக்கெட் எடுத்த அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடும் எங்கள் பழக்கம் இங்கே சரிவராது. என்னோடு வேலை செய்கிற ஒருத்தி போன வருஷம் குடும்பத்தோடு பேங்கொக் போனாள். அவளுக்கு ஒரு முகவர் கொடுத்த தாளில், 'விமானத்தில் வெள்ளை அட்டை தருவார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளவும்' என்று இருந்ததாம். கட்டுநாயக்கவில் வரிசையில் நின்றுகொண்டு, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் போன், நாலு பேருக்கும் நிரப்பியிருக்கிறாள். அதிலும் அவசரத்தில் தேடி முதலில் வந்த தளத்துக்குள் போய்விட்டாள். அது போலித் தளம், தலைக்கு இவ்வளவு டொலர் என்று கேட்டிருக்கிறது. தாய்லாந்து அரசாங்கத்தின் பாரம் இலவசம். பின்னால் நின்ற ஒரு பொடியன் எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால் கார்ட் இலக்கத்தையும் கொடுத்திருப்பாள். இந்திய ஈ-விசாவுக்கும் இதே மாதிரிப் பொய்த் தளங்கள் நிறைய இருக்கின்றன. முகவரி 'கவ் டொட் இன்' என்று முடிகிறதா என்று பார் என ஒரே ஒரு வரி உங்கள் தாளில் இருந்தால் போதும், எத்தனையோ பேருடைய காசு மிஞ்சும். நிரப்பித் தருவதற்கு நீங்கள் கூலி வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. வேலைக்குக் கூலி வேண்டும்தான். அது உங்கள் கூலி, அந்த நாட்டுக் கட்டணம் இல்லை என்று சொல்லி வாங்குங்கள்.

விமானம் மாறுகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாளில் அதற்கு இடமே ஒதுக்குவதில்லை. ஷெங்கன் நாடுகளின், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின், விமான நிலையங்களில் வெளியே வராமல் ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாறுவதற்கே விசா எடுக்க வேண்டிய 12 நாட்டுக்காரரின் பட்டியல் ஒன்று இருக்கிறது, இலங்கையும் அதில் ஒன்று. ஆனால் செல்லுபடியாகும் கனடா விசாவோ அமெரிக்க விசாவோ கையில் இருந்தால் விலக்கு. ஆக, ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் போகிற இரண்டு இலங்கையரில் ஒருவருக்கு ஃபிராங்ஃபர்ட்டில் மாறலாம், மற்றவருக்கு முடியாது. "எங்கட ஆக்கள் எல்லாம் அப்படித்தான் போறாங்க, ஒன்றும் கேட்க மாட்டாங்க" என்று நீங்கள் சொல்வது கனடா விசாக்காரரைப் பார்த்துவிட்டுச் சொல்வது. அடுத்தவருக்கு அது பொருந்துமா என்று கேட்கக்கூடத் தோன்றாது, விலை குறைந்த டிக்கெட் அந்த வழியில்தானே இருக்கும்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். விதிகளை எழுதுவது நீங்கள் இல்லை. எங்கள் நாட்டையே எடுங்கள், 2024 ஏப்ரலில் வெளிநாட்டவருக்கான விசா முறையை வெளியாரிடம் கொடுத்து மாற்றினார்கள், ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, பிறகு ஒன்லைனில் முன்கூட்டியே அனுமதி எடுக்கும் பழைய ஈடிஏ முறைக்கே திரும்பினார்கள். அந்த ஐந்தாறு மாதத்தில் ஜெர்மனியிலோ இந்தியாவிலோ இலங்கைக்கு ஆள் அனுப்புகிற முகவர் எத்தனை தடவை தாளை மாற்றியிருப்பார், பாவம். அப்புறம் கடல் வழி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 ஒக்டோபர் 14 கப்பல் விட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் துள்ளினோம், 1964 புயல் தனுஷ்கோடியை அழித்து அங்கிருந்து தலைமன்னாருக்கு வந்த கப்பலை நிறுத்திய கதையை மாமா மறுபடி தொடங்கிவிட்டார். சில நாளிலேயே கப்பல் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 வேறு கப்பலோடு மறுபடி வந்தது. மழைக்காலம் வந்தால் மறுபடி நிற்கும். பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான விமானமும் 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. இப்படி விட்டு விட்டு ஓடுகிற ஒன்றைப் பற்றி லேமினேட் செய்து தர முடியுமா? சாதாரண விமான நேரங்கள்கூட மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கோடை, குளிர்கால அட்டவணை மாறும்போது இடம் மாறும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் 'காலை 10.15 விமானம்' என்று நிரந்தரமாக அச்சடிக்கிறீர்கள்?

எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. உங்களிடம் கேட்பதற்கு முன்னால் குடும்ப வட்ஸ்அப் குழுவில்தான் கேட்போம். லண்டனில் இருக்கிற சித்தப்பா 2015இல் போன அனுபவத்தை வைத்துச் சொல்வார், யாரோ ஒருவர் 'முக்கிய அறிவிப்பு, அனைவருக்கும் பகிரவும்' என்று ஒன்றைப் போடுவார், நானும் இரண்டு கும்பிடு போட்டு அதை அனுப்பியிருக்கிறேன். அதிலும் திகதி கிடையாது. அந்தப் பெப்ரவரியில் நான் போனை எடுத்துக் கிளாம்பாக்கம் என்று ஒருதரம் தேடியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். தேடவில்லை. ஏனென்றால் காசு கொடுத்து வாங்கிய தாள் கையில் இருந்தது, அதைத் தந்தவர் மேசையில் கணினி இருந்தது, சுவரில் விமானப் படம் இருந்தது. எங்களுக்கு நீங்கள் தகவல் தெரிந்தவர்கள். வீட்டில் ஒருவரும் இங்கிலீஷ் வாசிக்காத எத்தனையோ குடும்பங்களுக்கு உங்கள் தாள் ஒன்றுதான் தகவல்.

அதனால் கேட்கிறேன். லேமினேட் மெஷினை விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், கடவுச்சீட்டு நகலுக்குப் பாவியுங்கள். தாளைச் சாதாரணத் தாளிலேயே தாருங்கள். மேல் மூலையில் சரிபார்த்த திகதி, பக்கத்தில் யார் பார்த்தது, எங்கே பார்த்தது: டிமாட்டிக்கா, அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத் தளமா, தூதரகமா, அல்லது போன வாரம் போய்வந்த குழுவா. குழு சொன்னதென்றால் குழு என்றே போடுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. பஸ் நிலையம் மாறியதைத் தூதரகம் சொல்லாது, போய்வந்த அத்தைதான் சொல்வார். போய்வந்தவர்களிடம் நீங்களாகவே ஒரு கோல் எடுத்து, "எங்கட தாளில் என்ன பிழை?" என்று கேட்டால் இன்னும் நல்லது. என்னிடம் கேட்டிருந்தால் மூன்று வரியை அன்றைக்கே திருத்தியிருப்பீர்கள், அடுத்த மாதம் போன குடும்பம் கோயம்பேட்டுக்குப் போயிருக்காது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், எங்களுக்குக் கோபம் வராது. பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், வருகை அட்டை நிரப்பும் நேரமும் அதுதான்.

இந்த மடலில் நான் எழுதியவையும் பழையதாகும். இலங்கையர் விசா இல்லாமல் தாய்லாந்தில் 60 நாள் நிற்கலாம் என்பது 2024 ஜூலை 15 முதல் வந்த விதி. நீங்கள் இதைப் படிக்கிற அன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறதா என்று எனக்காகவும் ஒருதரம் பாருங்கள். பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரத்துக்கு ஓடுகிறது. எனவே அந்தப் பழைய தாளில் இருந்த யன்னல் சீட் வரி, தானாகவே மறுபடி சரியாகிவிட்டது! அதற்காக அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம், கோயம்பேடு இன்னும் அதில் இருக்கிறது.

அம்மாவுக்கு அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலை பார்க்க வேண்டுமாம், அத்தையும் வருகிறார். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் ஒரு சனிக்கிழமை பார்த்து உங்களில் யாரோ ஒருவரிடம் வருவோம். தாளை நீட்டினால் அம்மா பிள்ளையாரைக் கும்பிடுவார், நான் மேல் மூலையைப் பார்ப்பேன்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து, கிளாம்பாக்கத்துக்கு இரண்டு தடவை காசு கொடுத்த ஒரு பயணி